கை திறக்கிற சொல்

மின்சாரக் கை கொடுத்தவர்கள், அவவின் வீட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

இதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. கை கொடுத்தார்கள். இரண்டு பெட்டரி கொடுத்தார்கள். பெட்டரியைச் சார்ஜ் பண்ண ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார்கள். அதைச் சுவரில் குத்துவதற்கு மூன்று நாட்டுக்கு மூன்று வகையான பிளக்கும் கொடுத்தார்கள். எந்தச் சுவரில் குத்துவது? அந்த ஊரில் நான் எண்ணிய வீடுகள் நூற்றுப் பதினேழு. ஒன்றிலும் கரண்ட் இல்லை. கம்பங்கள் நின்றன. கம்பிகளை யாரோ எப்போதோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அந்தக் கரை அப்போது இயக்கத்திடம் இருந்தது. கிழக்கே எழுவான்கரை ராணுவத்திடம். நான் எழுவான்கரையில், ஆரையம்பதியில் குடியிருந்துகொண்டு, படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்தேன். வேலை நாளெல்லாம் பாதையில் கடப்பேன். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல, வாவியைக் கடக்கிற, எஞ்சின் பூட்டிய தட்டையான இரும்பு மிதவைக்கும் அதுதான் பெயர். ஆட்களும் சைக்கிளும் மாடும் ஏறும். இந்தக் கரையில் ராணுவம் சோதிக்கும், அந்தக் கரையில் இயக்கம் சோதிக்கும். நடுவில் கிடந்த தண்ணீர் மட்டும்தான் எங்களைச் சோதிக்கவில்லை.

அவ பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வளவில் தையல் மெசின் வைத்திருந்தா. பெயரை எழுத மாட்டேன். ஊர் அவவைத் தையலக்கா என்றது, அது போதும்.

கை வந்த பிறகு அவவிடம் முதல் தடவை போகிறவர்கள் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். படலையைத் தள்ளினதும் உள்ளே இருந்து சத்தம் வரும்:

"சீ, போ!"

கிராமசேவகர் ஒருவர், மகளின் சட்டைத் துணியோடு போனவர், நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னிடம் முறையிட்டார்.

"சேர், நான் அவவுக்கு என்ன அநியாயம் செஞ்சன்? நாயைக் கலைக்கிற மாதிரிக் கலைக்கிறா."

"உங்களுக்கில்ல ஐயா. கைக்குச் சொல்றா."

"கைக்கா?"

"ஓம், கைக்கு. அப்பதான் அது திறக்கும்."

அவர் என்னையும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அவவின் இடது கை முழங்கைக்குக் கீழே ஒரு சாணில் முடிந்திருந்தது. பீரங்கிச் செல் விழுந்தது. எந்தப் பக்கத்துச் செல் என்று கேட்டதற்கு இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைக் காட்டின. மற்றவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். அவ விடவில்லை. இக்கரையில் முகாம் வாசலில் போய்க் கேட்டா. அக்கரையில் அரசியல் பிரிவு அலுவலகத்தில் போய்க் கேட்டா. இரண்டு இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

"வயலுக்குள்ள மாடு பூந்தாலே மாட்டுக்காரன் வந்து ஒரு காரணம் சொல்றான் சேர்," என்று என்னிடம் சொன்னா. "என்ட கைக்கு ஒருத்தனும் காரணம் சொல்லல்லயே."

காரணம் கேட்பதுதான் அவவின் குணம். காரணம் கிடைக்காவிட்டால் கோபம் வரும். அந்தக் காலத்தில் யாரும் யாருக்கும் காரணம் சொன்னதில்லை. ஆகவே அவ எந்நேரமும் கோபமாகத்தான் இருந்தா.

எல்லாவற்றையும்விட அவவுக்குக் கோபம் வருவது "பாவம்" என்ற சொல்லுக்கு. அந்த வளவுக்குள் நின்று யாராவது பாவம் என்று சொன்னால் தண்டனை உண்டு. ஒற்றைக் கையால் ஊசிக்கு நூல் கோர்க்க ஏலாதுதானே. சொன்னவர் உட்கார்ந்து ஊசி கோர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு தடவை என் வாயிலும் வந்துவிட்டது. பதினொரு ஊசி கோர்த்தேன். "பன்னிரண்டாவதுக்குக் கண் தெரியல்ல" என்றேன். "பாவம்" என்றா. அந்த ஊசியை அவவின் மச்சாள் கோர்த்தா.

மச்சாளைச் சொல்லவேண்டும். இறந்துபோன புருஷனின் தங்கச்சி. வாகரைப் பக்கம் இருந்து இடம்பெயர்ந்து வந்து இவவின் வீட்டில் தங்கினவ. செல் விழுந்த பிறகு இவவின் இடது கை மச்சாள்தான். வெட்டும்போது துணியை இழுத்துப் பிடிப்பா, தைக்கும்போது விளிம்பை மடித்துக் கொடுப்பா. நல்ல மனிசி. ஆனால் வாய் நிற்காது. சட்டை எடுக்க வருகிற எல்லாருக்கும் சொல்லுவா: "நான் புடிச்சாத்தான் இஞ்ச தையல் ஓடும். நான் இல்லாட்டி இவவுக்கு ஒரு பொத்தானும் இல்ல." இவ பல்லைக் கடித்துக்கொண்டு மெசினை மிதிப்பா. மச்சாள் காய்ச்சலில் கிடந்தால் வெட்டின துணி வெட்டினபடி கிடக்கும்.

அவவுக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான். தன் தையலைத் தானே தைக்கவேண்டும். எவருடைய கையும் நடுவில் இருக்கக் கூடாது.

பட்டணத்தில் செயற்கைக் கை கால் பூட்டுகிற இடத்துக்கு ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வந்திருக்கிறார், ஒரு மின்சாரக் கை கொண்டு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு போனா. "உங்களுக்கு இங்கிலீசு தெரியுமே சேர், வாங்க. மச்சாளைக் கூட்டிப் போனா அவ கதைச்சே அவரை ஊருக்கு அனுப்பிருவா."

ஒரே ஒரு கைதான் இருந்தது. புதியதும் அல்ல. அந்த நாட்டில் யாரோ ஒரு பெண் போட்டிருந்து, அவ இறந்த பிறகு பிள்ளைகள் கொடுத்தது. வெள்ளைத் தோல் நிறத்தில் ரப்பர் உறை, நகமெல்லாம் வைத்து. எங்கள் ஊருக்குச் செக்கன்ட் ஹான்ட் சைக்கிள் தெரியும், செக்கன்ட் ஹான்ட் ரேடியோ தெரியும். அந்தச் சொல்லுக்கு உள்ளபடி அர்த்தத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு மச்சாள் கேட்டா, "வெள்ளைக்காரிட பேய் தேடி வராதா?" என்று. "வந்தா பொத்தான் தைக்க வைப்பன்" என்றா இவ.

இஞ்சினியர் விளக்கினார், நான் தமிழில் சொன்னேன். கை போனாலும் அதை ஆட்டிய தசையில் பாதி மேலே மிச்சம் இருக்கிறது. கை போன செய்தி அதற்குத் தெரியாது. மடக்க நினைத்தால் இன்னும் இறுகும். இறுகும்போது அதில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும், ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கு தேறினால் பெரிய காரியம். அந்த மின்சாரத்தைப் பிடிப்பதற்கு, மிச்சக் கையைச் செருகுகிற கூட்டுக்குள் இரண்டு உலோகப் பொட்டுகள். உட்பக்கத் தசை இறுகினால் மோட்டார் கையை மூடும். வெளிப்பக்கத் தசை இறுகினால் திறக்கும்.

முதலில் இரண்டு பொட்டையும் அவவின் கையில் ஒட்டி, வயர்களை ஒரு மீட்டரில் கொடுத்தார். இரண்டு முள். தசையைத் தளரவிடச் சொல்லுங்கள், முள் பூச்சியத்துக்கு வரட்டும் என்றார். நான் சொன்னேன்:

"சும்மா இருங்க."

எங்கள் பேச்சில் சும்மா இரு என்றால் வாயை மூடு, தலையிடாதே என்றும் அர்த்தம். எனக்கு அந்த நேரம் அது ஞாபகம் வரவில்லை.

"நான் என்ன ஆடிட்டா இரிக்கன்?" அவவின் முகம் சிவந்தது. "வந்ததில இருந்து வாயே திறக்கல்ல. சேர், நீங்க ஆருட பக்கம்?"

முதலாவது முள் எகிறிப் போய் மறுகரையில் அடித்தது. இஞ்சினியர் கை தட்டினார். திரும்பவும், திரும்பவும் என்றார். நான் திரும்பவும் சும்மா இருங்க என்றேன். திரும்பவும் முள் பாய்ந்தது. "இவரு ஏன் கை தட்டுறாரு? என்னைப் பார்த்தா கூத்து மாதிரி இரிக்கா?" இன்னும் பாய்ந்தது.

மூடுவதற்கு வழி கிடைத்துவிட்டது. பிடித்து உலுக்க விரும்புகிற ஒரு ஆளை மனதில் நினைக்கவேண்டும். அப்படிப்பட்ட ஆட்களுக்கு அவவிடம் குறைவில்லை.

திறப்பதுதான் வரவில்லை. விரலை விரிக்கிற மாதிரி நினையுங்கள், பூவைப் போடுகிற மாதிரி நினையுங்கள், பிள்ளைக்குக் கை காட்டுகிற மாதிரி நினையுங்கள் என்று அவர் சொன்னதையெல்லாம் நான் சொன்னேன். இரண்டாவது முள் அசையவில்லை. அவவுக்கு வியர்த்தது. எனக்கும் வியர்த்தது. அப்போது யன்னலில் ஒரு காகம் வந்து அவவின் சோத்துப் பார்சலைக் கொத்தியது. அவ இல்லாத கையை வீசினா.

"சீ, போ!"

இரண்டாவது முள் பாய்ந்தது.

கலைக்கும்போது கையைப் புறத்தே விசிறுகிறோமே, அதற்கு இறுகுவது அந்த வெளிப்பக்கத் தசைதான். இஞ்சினியர் ஒரு மருத்துவப் பெயர் சொன்னார். எனக்கு மறந்துவிட்டது. அந்தக் கைக்கு இரண்டே வயர், இரண்டும் கோபத்துக்குப் போய்விட்டது.

சொல்லத் தேவையில்லை, தசையை அசைத்தால் போதும் என்று இஞ்சினியர் சொல்லிப் பார்த்தார். "சொல்லாட்டி அது கேக்குதில்ல" என்றா. "வெள்ளைக்காரிட கைக்குத் தமிழ் பழக்கியாச்சு. இனி மாத்த ஏலாது எண்டு சொல்லுங்க சேர்."

அன்றே கையைப் பூட்டிக்கொண்டு வந்தா. துறையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ராணுவம் பெட்டரி இரண்டையும் பிடுங்கிவிட்டது. படுவான்கரைக்குக் கொண்டுபோகக் கூடாத பொருட்கள் என்று அங்கே ஒரு பலகை நின்றது. இருபத்துமூன்று பொருட்கள். சீமெந்து, யூரியா, கம்பி, இன்ன பிற. ஆறாவது பெட்டரி. டோர்ச் பெட்டரியா வேறு பெட்டரியா என்று எழுதியிருக்கவில்லை. அவ ஏன் என்று கேட்டா. ஆமிக்காரன் பலகையைக் காட்டினான். பலகை ஏன் என்று சொல்லுமா?

அதன்பிறகு அந்தக் கை மெசினுக்குப் பக்கத்தில் கிடந்தது. குண்டூசி குத்தி வைக்க உதவியது. மச்சாள் துணியைப் பிடித்தா, அதை எல்லாருக்கும் சொன்னா.

அவ திரும்பப் பட்டணத்துக்குப் போய்ச் சண்டை பிடித்து இன்னொரு பெட்டரி வாங்கினா. ஒளிக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கையில் பூட்டிக்கொண்டே வரிசையில் வந்து நின்றா. நான் அவவுக்கு நேரே பின்னால். எங்களுக்குப் பின்னால் முப்பத்துநாலு பேர், ஒன்பது சைக்கிள், ஒரு ஆடு.

பெண்களைச் சோதிக்கிற கொட்டிலுக்குள் கண்டுபிடித்து வெளியே கூட்டிவந்தார்கள். அதிகாரி வந்தான். இளம் ஆள், மரியாதையாகத்தான் பேசினான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் விளக்கினேன். கையா, மின்சாரத்தில் வேலை செய்யுமா, எங்கே காட்டச் சொல்லு என்று சிரித்தான். சிரித்துக்கொண்டு இரண்டு விரலை அவவின் ரப்பர் உள்ளங்கைக்குள் வைத்தான், கை குலுக்குகிற மாதிரி.

கை மூடியது.

முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. விரலை இழுத்தான். வரவில்லை. "அத அரின்ன" என்றான். கையைத் திற என்று அர்த்தம். அவவுக்கு அவ்வளவு சிங்களம் தெரியும். ஆனால் தோளில் இருந்து தசை முழுவதும் இறுகிப்போய் நின்றா. உட்பக்கமும் இறுக்கம், வெளிப்பக்கமும் இறுக்கம். கைக்கு எந்தப் பக்கம் கேட்பது என்று தெரியவில்லை. ஒரு ஆமிக்காரன் துவக்கை அவவின் நெஞ்சுக்கு நேரே தூக்கினான். இன்னொருவன் பாய்ந்து வந்து பெட்டரியைப் பிடுங்கினான்.

அந்தக் கைக்கு ஒரு குணம் இருக்கிறது. பெட்டரியை எடுத்தால் நின்ற நிலையில் நின்றுவிடும். மூடியிருந்தால் மூடியபடியே கிடக்கும், எவராலும் விரிக்க ஏலாது.

"பெட்டரியைப் போடுங்கோ!" நான் சிங்களத்தில் கத்தினேன். "பெட்டரி இல்லாட்டித் திறக்காது!"

தடை செய்த பொருளை ஆமிக்காரன் தன் கையாலேயே திரும்பப் பூட்டினான். பலகையில் ஆறாவது பொருள். அதிகாரியின் விரல் நுனி கறுத்துக்கொண்டு வந்தது.

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா.

"சேர், சொல்லட்டா?"

எனக்கு விளங்கியது. வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு விளங்கவில்லை. ராணுவத்துக்கு வேறு தமிழ் தெரியாவிட்டாலும் அந்தச் சொல் தெரியும். எந்த நாளும் அவர்கள் எங்களுக்குச் சொல்கிற மூன்று சொல்லில் ஒன்று அது. வா. நில். போ.

நான் அதிகாரியிடம் சொன்னேன்: "ஐயா, இவ இப்ப ஒரு சொல் சொல்லுவா. அது உங்களுக்கில்ல, கைக்கு."

"கியன்ன, கியன்ன!" சொல்லு, சொல்லு என்று அவன் அலறினான்.

அவ அவனுடைய முகத்தை நேராகப் பார்த்தா.

"சீ, போ!"

கை திறந்தது.

ஆடு ஒன்றுதான் கத்தியது. அவன் விரலைத் தேய்த்துக்கொண்டு நின்றான். துவக்குக்காரன் அவனைப் பார்த்தான். அவன் தலையை ஆட்டினான். பிறகு அவவிடம், மெதுவாக, தமிழில் "போ" என்றான். பெட்டரி கையிலேயே இருந்தது.

அவனை நல்லவன் என்று யாரும் சொல்லவேண்டாம். எவ்வளவோ சனம் காரணம் கேட்டு நடக்காத காரியம், இரண்டு விரல் நசுங்கினதும் நடந்தது. அவ்வளவுதான்.

பாதையில் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கிழவர், "மகள், இன்னொருக்காச் சொல்லுகா" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அவ சிரிக்கவில்லை. கையைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டு வந்தா. "இண்டைக்கே ஒரு சட்டையை நானே புடிச்சு நானே வெட்டுவன்" என்றா.

அக்கரையில் இயக்கத்தின் காவலரண். மேசைக்குப் பின்னால் ஒருவன், இருபது வயது இருக்கும். பையைப் பார்த்தான், கையைப் பார்த்தான்.

"அக்கா, பெட்டரியைத் தந்துட்டுப் போங்க."

பாதையில் இருந்த சிரிப்பு எல்லாம் எங்கே போனதோ தெரியாது.

"ஏன்?" என்றா.

"எங்களுக்குத் தேவை. மேல இருந்து வந்த ஓடர்."

"நான் அங்கால ஆமிக்காரன்ட விரலை நசுக்கிக் கொண்டு வந்தன். அவனே விட்டுட்டான். நீ எடுக்கிறியா?"

"ஓடர் அக்கா."

அவ கத்துவா என்று நான் பயந்துகொண்டு நின்றேன். கத்தவில்லை. கையை வலது கையால் திருகிக் கழற்றினா. வெள்ளைக் கையை, பெட்டரியோடு, அவனுடைய மேசையில் வைத்தா.

"பெட்டரி மட்டும் என்னத்துக்கு மனே? கையையும் வெச்சிரு. உனக்கும் தேவைப்படும்."

சொல்லிவிட்டு நடந்து போனா. அவன் எழும்பி நின்றான். கூப்பிடவில்லை. அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மேசையில் கிடந்த கையை அவன் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலை, இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, பக்கத்து வளவில் மச்சாள் வைத்த கூக்குரலில் பள்ளிக்கூடமே எழும்பிவிட்டது. "ஐயோ கை! ஆருடயோ கை! வேலியில தொங்குது!" நான் சோக்குக் கட்டியோடு ஓடினேன். வேலியில் ஒரு மாச்சாக்கு. அதற்குள் வெள்ளைக் கை. பெட்டரி அதற்குள்ளேயே இருந்தது.

தையலக்கா சாக்கைப் பிரித்துப் பார்த்தா. "எட, தந்துட்டான்" என்றா. பிறகு, "மாச்சாக்கிலயா போடுறது? மாவெல்லாம் பூந்திட்டு!" என்று ஏசத் தொடங்கினா.

பெட்டரிக்குக் கரண்ட் வேண்டுமே. ஊரில் ரேடியோ திருத்துகிற ஒருவர் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்கிறவர். அவர் ஒரு டைனமோவை எடுத்து அவவின் மெசினின் பெரிய சில்லோடு உரசுகிற மாதிரிப் பூட்டிவிட்டார். அவ காலால் மிதித்துத் தைக்கத் தைக்கப் பெட்டரி நிறையும். வெளிநாட்டு இஞ்சினியர் கொடுத்த மூன்று பிளக்கும் கூரையில் தொங்கின.

அப்படித்தான் அந்த வளவில் "சீ, போ" கேட்கத் தொடங்கியது. கோழிகள் அந்தப் பக்கம் வருவதை விட்டன. மச்சாள் ஒரு நாள் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டா. "ஓம் ஓம், இனி என்ட கை வேணாமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் கச்சான் கடலை விற்கப் போய்விட்டா. அவ நினைத்தது நடந்தது. துணியைத் தானே பிடித்துத் தானே வெட்டித் தானே தைத்தா. கிராமசேவகரின் மகளுக்குச் சட்டை, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டை. பள்ளிக்கூடத் தவணை ஒன்றுக்குள் அறுபத்தெட்டுச் சட்டை. எண்ணினது நான்.

ஆனால் கையைத் திருப்பித் தந்த அந்தக் காவலரண் தம்பியைத் துறையில் காணவில்லை.

நூலும் பொத்தானும் வாங்கக் கடக்கும்போதெல்லாம் அவ காவலரணில் கேட்டா. "முன்னம் இஞ்ச நிண்ட தம்பி எங்க?" ஒருவன் லீவு என்றான். ஒருவன் மாற்றம் என்றான். ஒருவன் அப்படி ஒருவரும் இங்கே நிற்கவில்லை என்றான். மூன்று பேர், மூன்று பதில். கணக்கில் மூன்றில் ஒன்றாவது சரியாக இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் பாதையில் ஏறியிருந்தோம். கடைசி ஆள் ஏறினதும் வாசலுக்குக் குறுக்கே ஒரு சங்கிலி கொளுவுவார்கள், அதற்குப் பிறகுதான் பாதை புறப்படும். அவ ஏறவில்லை. வாசலில் நின்று சங்கிலியை வெள்ளைக் கையால் பிடித்தா. கை மூடியது.

"அந்தத் தம்பி எங்க?"

காவலரணில் இருந்து வயதான ஒருவன் வந்தான். பொறுப்பானவன் போல. "அக்கா, கையை எடுங்க. சனம் நிக்கிது."

"பதில் சொன்னா எடுக்கிறன்."

"அவர் இப்ப இல்ல."

"இல்ல எண்டா? செத்துட்டானா? சண்டைக்கு அனுப்பினீங்களா? பெட்டரி தந்ததுக்கு என்னவும் செஞ்சீங்களா?"

அவன் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாதையில் இருந்த ஒரு ஆள், "அக்கா, விடுங்க, பஸ் போயிரும்" என்றான். அவ அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தா. அந்த ஆள் சைக்கிள் மணியைப் பார்த்தான்.

"ஒரு காரணம் சொல்லு," என்றா பொறுப்பாளனிடம். "பொய்க் காரணமெண்டாலும் சொல்லு. அவன்ட தாய்க்காவது என்னவும் சொன்னீங்களா?"

அவன் காவலரண் பக்கம் சைகை காட்டினான். இயக்கப் பெண்கள் இரண்டு பேர் வந்து அவவை இடுப்பில் பிடித்து இழுத்தார்கள். அவ விடவில்லை. இன்னும் இழுத்தார்கள். வியர்வையில் அவவின் மிச்சக் கை கூட்டுக்குள் இருந்து வழுக்கி வெளியே வந்தது. அவ மணலில் போய் விழுந்தா. வெள்ளைக் கை சங்கிலியிலேயே நின்றது.

பாதைக்காரர் சங்கிலியைக் கொளுவினார், கையோடு சேர்த்து. வேறு என்ன செய்வார்? பாதை புறப்பட்டது.

எழுவான்கரையில் ஆமிக்காரர் பார்த்தார்கள். ஒருவன் விரலைப் பிரிக்கப் போனான். அந்த அதிகாரி அங்கேதான் நின்றான். வேண்டாம் என்று தலையாட்டினான். திரும்பி வரும்போது இயக்கத்தின் ஆட்களும் பார்த்தார்கள். அவர்களும் தொடவில்லை. பலகையில் ஆறாவது பொருள், ராணுவமும் இயக்கமும் பிடுங்கிய பொருள், எல்லாருக்கும் தெரிய வாவியை இங்கும் அங்கும் கடந்தது. எத்தனை தரம் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

"போய் ஒரு சொல் சொல்லி எடுத்துட்டு வாங்களன்," என்று அவவிடம் சொன்னேன். "கை உங்கட கை."

"என்ட கைதான். ஆனா அவன் தந்தது சேர். அவன் எங்க எண்டு தெரியாம அதைப் பூட்டிட்டு நான் எப்படித் தைக்கிறது?"

மச்சாள் கச்சான் கூடையை வைத்துவிட்டு வந்து துணியைப் பிடித்தா. சட்டை எடுக்க வந்த யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. மச்சாள் அப்படி வாய் மூடியிருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

அதன்பிறகு நான் இடமாற்றம் கிடைத்துப் போகும்வரை பார்த்தது இதுதான். அவ துறைக்கு வருவா, சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருப்பா. காவலரணுக்கு முன்னால் நிற்பா. அங்கே நிற்கிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கேள்வி மாறவில்லை. அவர்கள் வாவியைப் பார்ப்பார்கள். உப்புக் காற்றில் ரப்பர் வெடித்து, வெள்ளை விரலுக்குள் இரும்பு தெரியத் தொடங்கியிருந்தது. பாதைக்காரர் எஞ்சின் வேகத்தை உயர்த்தாமல் காத்துக்கொண்டு நிற்பார். அவ கேட்டு முடித்து, பதில் இல்லை என்று தெரிந்து, ஏறி வந்து அந்தக் கைக்குப் பக்கத்தில் நிற்கும்வரை, பஸ் போய்விடும் என்று ஒருவரும் சத்தம் போடவில்லை.